சாமத்திய வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மான்

போன சனிக்கிழமை விடிகிற நேரத்தில் நான் ஒரு மரத்தில் ஏறி இருந்தேன்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஏணி என்றாலே தலைசுற்று... இருந்தும் ஏறினேன். மரம் என்றால் உச்சிக்கொப்பில் இல்லை. காட்டோரத்தில் ஒரு பைன் மரத்தோடு சேர்த்து அடித்திருக்கும் பலகை இருக்கை. மான் வரும்வரை வேட்டைக்காரர்கள் குந்தியிருக்கிற இடம். பக்கத்தில் என் கணவர். அவர் மடியில் துவக்கு. என் மடியில் தேத்தண்ணிப் போத்தல்.

அதே நாள் மத்தியானம், மூன்று மணித்தியாலம் கார் ஓடிப் போகவேண்டிய டோஸ்ட்ருப்பில், அவருடைய தங்கச்சி மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் இவர்தான். மாமன் வந்து தலையில் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்காமல் அந்த வீட்டில் ஒன்றும் தொடங்காது.

விடிய மான், மத்தியானம் மருமகள். எந்தப் பஞ்சாங்கத்தில் இப்படி ஒரு நாள் இருக்கிறது?

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கவலைப்படுவதை ஒரு பகுதிநேர வேலையாகவே செய்கிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மோட்டார்வேயில் இருந்து திரும்பி வந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் மற்றப் பாடங்கள் கொஞ்சம் குறைவு. 'ஒருவேளை இப்படி நடந்தால்' என்ற பாடத்தில் மட்டும் நான் முதலாம் பிள்ளை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனிதர் என்ன சேர்க்கிறார்? முத்திரை இல்லை. பழைய நாணயம் இல்லை. துவக்கு!

முதல் துவக்கு வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நெஞ்சு அடித்த அடி டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற கிரின்ஸ்டெட் முழுக்கக் கேட்டிருக்கும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். ஊரில் ஒரு துவக்கைத் தூரத்தில் கண்டாலே வேலியோடு ஒட்டி நின்றவள் நான். அது இப்போது என் வீட்டு நிலக்கீழ் அறையில், என் ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில்...

"இது ஆளைச் சுடுற துவக்கில்லையப்பா" என்றார் இவர். "வேட்டைத் துவக்கு. பொலிசிலை பெர்மிஷன் எடுத்தது. இரும்பு அலமாரிக்குள்ளைதான் இருக்கும். நீர் பயப்பிடாதையும்."

பயப்பிடாதையும் என்று சொன்னால் பயம் போய்விடுமா? அது அவருக்கும் தெரியும். அதனால் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கைத் துடைக்க எடுக்கும்போது முதலில் அதன் போல்ட்டைக் கழற்றுவார். மேலே கொண்டுவந்து, நான் வெங்காயம் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் வைப்பார். "இது இஞ்சை கிடக்கட்டும். இது இல்லாட்டி அது வெறும் தடி." பிறகுதான் கீழே போவார். நான் ஒரு கண்ணால் வெங்காயத்தையும் மறு கண்ணால் அந்த இரும்புத் துண்டையும் பார்த்துக்கொண்டு இருப்பேன். எத்தனையோ ஞாயிறு அப்படிப் போனது. இதைவிட ஒரு மனிதர் தன் பெண்சாதிக்கு எப்படி ஆறுதல் சொல்ல முடியும்?

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சேர்க்கிறது கடையில் வாங்குகிற புதுத் துவக்குகள் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு ஆள், துவக்குச் செய்கிற தொழிலாளியிடம் போய், தன் கை நீளம், கழுத்து நீளம், கன்னம் எல்லாம் அளவு கொடுத்துச் செய்வித்தவை. வால்நட் மரம். இரும்பில் இலையும் கொடியும் மானும் செதுக்கியிருக்கும். மரத்தில் பதித்த சின்ன வெள்ளித் தகட்டில் சொந்தக்காரரின் முதலெழுத்துகள். நாங்கள் அளவு கொடுத்துச் சட்டை தைப்பிக்கிற மாதிரித்தான்.

"ஃபாக்டரியிலை நான் ஒரு நாளைக்குச் செய்யிற சாமான் எல்லாம் ஒரே மாதிரி" என்றார். "ஆருக்குப் போகுது எண்டு தெரியாது. இதைப் பாரும். ஒரு ஆளை மனசிலை வைச்சு, அந்த ஒரு ஆளுக்கெண்டு செய்தது."

அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, துடைக்கிற துணியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த ஆட்கள் எல்லாம் பனைமர உயரத்து டேனிஷ்காரர்கள்! இவர் என் உயரம்தான், செருப்புப் போட்டால் ஒரு விரல் கூட. ஒரு துவக்கு யாரோ டாக்டருடையது. இவர் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது. இன்னொன்று இடக்கைக்காரருடையது, கன்னம் வைக்கிற மேடு மற்றப் பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து அடுக்கி வைத்தார். ஒன்றாலும் அவருக்குச் சுட முடியாது.

கடைசியாக வாங்கியதுதான் பொருந்தியது. பாரமில்லாத, கட்டையான, வடிவான துவக்கு. தோளில் வைத்தார், கன்னத்தைச் சாய்த்தார்... தலையணையில் சாய்கிற மாதிரிப் போய் இருந்தது. சந்தோஷத்தில் கண்ணெல்லாம் கலங்கிப்போனார். பிறகுதான் விற்றவர் சொன்னாராம், அது ஒரு பெண்மணிக்காகச் செய்தது என்று. பெரிய பண்ணைக்காரர் ஒருவரின் மனைவி. நல்ல வேட்டைக்காரியாம்.

ரேஞ்சில் இவரோடு சுட்டுப் பழகுகிற டேனிஷ்காரர்கள் விடுவார்களா? "உன் மனைவியின் துவக்கைக் கொண்டு வந்துவிட்டாயா?" என்று பகிடி. இவர் அசையவில்லை. "அந்த மனுசியும் என்ரை அளவுதான் இருந்திருக்கிறா. எனக்குப் பெருமைதான்" என்று வந்து என்னிடம் சொன்னார்.

சரி... துவக்கு இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் இருக்கிறது; டேனிஷ் மொழியில் படித்து, இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணியது. வேட்டைக்கு இடமும் இருக்கிறது. முன்பு இவரோடு ஃபாக்டரியில் வேலை செய்த பெண்ட் என்கிற வயதான மனிதருக்கு ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பண்ணை. வயல், பின்னால் காடு. "நீ எப்போதும் வரலாம்" என்று சொல்லி வருஷக்கணக்கு ஆகிவிட்டது.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். நேரம்.

நம்மவர்களின் சனி ஞாயிறு யாருடையது? உங்களுடையதா? என்னுடையதா? அது பிறந்தநாள் வீட்டுக்காரருடையது, கலியாண வீட்டுக்காரருடையது, அரங்கேற்றக்காரருடையது, செத்தவீட்டு அந்தியேட்டிக்காரருடையது. மிச்சம் இருந்தால் கோயிலுடையது. மே மாதம் மான் சீசன் திறக்கும்போது நாங்கள் ஏதாவது மண்டபத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒக்டோபரில் திரும்பத் திறக்கும்போது வேறொரு மண்டபத்தில் அதே வடை. எல்லாவற்றுக்கும் இவர் சொல்கிற பதில் ஒன்றுதான் — "ஓம், வாறம்."

பெண்ட் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உன் கணவருக்காக நான் விட்டுவைத்த மான்கள் எல்லாம் வயது போய்ச் செத்துக்கொண்டிருக்கின்றன."

இந்த வருஷம் அந்தப் பகிடியும் முடிந்தது. பெண்ட் பண்ணையை விற்றுவிட்டார். அவருக்கு இடுப்பு ஏலாது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. மே பதினாறு சனிக்கிழமை மான் சீசன் திறக்கிறது. திங்கட்கிழமை பண்ணை கைமாறுகிறது. வாங்குகிறவர்கள் வேறு ஆட்களை வேட்டைக்கு விடமாட்டார்களாம். நடுவில் இருப்பது ஒரேயொரு வார இறுதி.

இவர் தையிலேயே ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டார். சித்திரையில் இருந்து பச்சைக் கோட்டைக் கதவடியில் கொழுவிவிட்டார்.

அப்போதுதான் தங்கச்சி வசந்தியின் போன் வந்தது. குசினி மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார் இவர்.

"அண்ணை, பிள்ளைக்கு நாள் வைச்சாச்சு. மண்டபமும் புக் பண்ணியாச்சு. சனி சடங்கு, ஞாயிறு விருந்து. காலமை ஒன்பதரைக்குத் தண்ணி வார்ப்பு, அதாலை வெள்ளி பின்னேரமே வந்திடுங்கோ."

"எத்தினையாம் திகதி?"

"மே பதினாறு."

இவர் கதவடியில் தொங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்தார். நான் கறியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?"

"இல்லை... அண்டைக்குத்தான் மான் சீசன் துறக்குது. பெண்டின்ரை பண்ணையும் விலைப்பட்டுப் போச்சு. அதுதான் கடைசி..."

"மானோ?"

"ஓம்."

"அண்ணை... மான் பெரிசோ, மருமகள் பெரிசோ?"

"சீ, என்ன கதை இது. மருமகள்தான்."

"பேந்தென்ன? மான் நாளைக்கும் வரும். பிள்ளைக்கு இது ஒருக்காத்தான்."

"ஓம், ஓம். வாறம்" என்றார்.

போனை வைத்தார். கதவடிக்குப் போனார். கொழுவியிருந்த பச்சைக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினார்... அதில் ஏது தூசி? மடித்தார். அலமாரிக்குள் வைத்தார். வந்து சாப்பிட இருந்தார். "கறி நல்லாயிருக்கு" என்றார். நான் அன்று உப்புப் போட மறந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், இவர் துவக்கோடு காட்டுக்குள் போகவேண்டாம் என்று நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. எந்தச் சாமி கேட்டதோ, கேட்டுவிட்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கோட்டு மடிக்கப்பட்ட விதம்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் நின்றது.

இரண்டு நாள் கழித்து வசந்தி என் போனுக்கு எடுத்தாள்.

"அண்ணி, அண்ணை கோவமோ?"

"கோவமோ? அவருக்கு அது வருமே?"

"அதுதான் அண்ணி... சண்டை பிடிச்சிருந்தா நானும் நல்லா ரெண்டு குடுத்திட்டு விட்டிருப்பன். 'ஓம் வாறம்' எண்டார். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் ஊரிலை கேட்டதுக்கும் ஓம். இஞ்சை வந்து கேட்டதுக்கும் ஓம். ஒருநாளாவது இல்லையெண்டு சொன்னவரே இந்த மனுசன்?"

"இப்ப என்ன செய்யிறது வசந்தி? நாள் வைச்சாச்சு."

"ஐயருக்கு போன் பண்ணினன். ஒரு மணிக்குப் பிறகும் ஒரு நல்ல நேரம் கிடக்காம். மேக்கப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டன், படக்காரரிட்டையும் சொல்லிப்போட்டன். என்ரை மாமிதான் துள்ளுறா. துள்ளட்டும். ஒண்டரைக்கு அண்ணை இஞ்சை நிக்கவேணும். அவ்வளவுதான்."

அதைக் கேட்டும் கவலைப்படுகிறவள்தானே நான்?

"நல்ல காரியத்தண்டு உயிர்க்கொலை... அதுவும் தண்ணி வாக்கிற கை..."

"அண்ணி, அதை யோசிச்சா நான் போன் எடுத்திருக்க மாட்டன். தலை முழுகிப்போட்டு வரச்சொல்லுங்கோ. அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

இப்படித்தான் நான் மரத்தில் ஏறினேன். வீட்டில் இருந்தால் என்னென்னவோ யோசிப்பேன். பக்கத்தில் இருந்தால் இவரை மட்டும் பார்த்து யோசிக்கலாம்.

பெண்ட் எங்களை ஏணியடி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "க்னெக் ஓ ப்ரெக்" என்று மெல்லமாகச் சொல்லிப் போனார். இங்கே வேட்டைக்குப் போகிறவர்களை அப்படித்தான் வாழ்த்துவார்கள்.

புல்லில் பனி. எங்கோ ஒரு பறவை கத்தியது. "அசையக்கூடாது, கதைக்கக்கூடாது" என்று இவர் முன்பே சொல்லிவிட்டார். வாய்தானே மூடும்? மனம் மூடுமா? வழியில் கடலுக்கு மேல் போகிற பாலத்தில் காற்றுக்குப் பாதையை மூடிவிட்டால்? டயர் போனால்? பட்டுவேட்டியைக் காரில் வைத்தேனா? இந்தப் பலகை எங்கள் இருவரையும் தாங்குமா?

அப்போது இவருடைய முழங்கை என்னை மெல்லத் தொட்டது.

வயல் ஓரத்தில் ஒரு மான். எப்போது வந்தது, எந்தப் பக்கத்தால் வந்தது, ஒன்றும் தெரியாது. இல்லாத இடத்தில் இருந்தது. செந்நிறம், சின்னக் கொம்பு. தலையைக் குனிந்து மேய்ந்தது.

இவர் துவக்கைத் தோளுக்குக் கொண்டுபோனார். கன்னம் மரத்தில் போய் இருந்தது. நான் காதுக்கவசத்துக்கு மேலே கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று இன்னும் எனக்குத் தெரியாது. இவ்வளவு காலம் என்னோடு இருக்கிற மனிதரை அப்படி ஒரு அமைதியில் நான் பார்த்ததே இல்லை. அவசரம் இல்லை, பயம் இல்லை, யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை...

ஒரு வெடி.

மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. கால்கூட உதறவில்லை.

சத்தம் காட்டுக்குள் போய் ஒடுங்கியது. இவர் போல்ட்டைக் கழற்றினார். கழற்றி என் கையில் வைத்தார். அந்த நேரத்திலும்! பிறகு பார்த்தேன், அவருடைய கை கிடந்து நடுங்கியது.

"பாரும்" என்றார். "இண்டைக்குப் பிள்ளைக்குத் தண்ணி வாக்கிற கை இது."

எதற்கும் நூறு கவலையை முன்கூட்டியே சொல்கிற நான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாக்கிற நேரம் நடுங்காது" என்றேன். எப்படிச் சொன்னேன்? தெரியாது. சொல்லிவிட்டேன்.

வெடிச்சத்தம் கேட்டுப் பெண்ட் வந்தார். ஒருவரும் கைதட்டவில்லை, கத்தவில்லை. பெண்ட் பக்கத்து மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை முறித்தார். குனிய ஏலாத மனிதர். என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தக் கொப்பை மானின் வாயில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அதன் கடைசிச் சாப்பாடு" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "காட்டிலிருந்து எடுத்தோம். அதற்கு நாங்கள் செய்கிற மரியாதை."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வாய்க்கரிசி" என்றார் மெல்லமாக.

பிறகு இவர் தானும் குந்தி, மானின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பெண்ட் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கும் அதுதான் அந்தப் பண்ணையில் கடைசி மான்.

மானைப் பெண்ட் பார்த்துக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு ஓடினோம். துவக்கை அலமாரியில் வைத்துப் பூட்டி (நான் மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன், போதுமா?) தலை முழுகி, வேட்டியையும் சீலையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நான்தான் கார் ஓடினேன். பாலம் திறந்துதான் இருந்தது. டயரும் போகவில்லை. இவர் பக்கத்தில் குழந்தைப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து நித்திரை.

ஒன்றரைக்கு நாங்கள் அங்கே நின்றோம்.

பிள்ளை மீரா குளிக்கத் தயாராக, நடுங்கிக்கொண்டு ஸ்டூலில் இருந்தாள். பித்தளைத் தட்டில் பால், சில்லறைக் காசு, அறுகம்புல். அறுகம்புல்லுக்கு டோஸ்ட்ருப்பில் எங்கே போவது? மாடிவீட்டுக்குப் பின்னால் கொமூன் என்கிற நகரசபை வெட்டுகிற புல்தான். அதைக் கழுவி, மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். சாமி கோவிக்காது என்று நினைக்கிறேன்.

இவர் புல்லை எடுத்தார். பாலில் தோய்த்தார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் உச்சியில் வைத்தார். ஆடவில்லை, சிந்தவில்லை. காலையில் மானின் கழுத்தில் வைத்த அதே மெதுவோடு வைத்தார்.

பால் மூக்கால் வழிய, மீரா நிமிர்ந்து பார்த்தாள். எங்களோடு டேனிஷில்தான் கதைக்கிற பிள்ளை. அன்று தமிழில் கேட்டாள்.

"மாமா... மான் கிடைச்சதா?"

சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தியின் மாமியார் கண்ணை உருட்டினார். வசந்தி தலையில் கை வைத்தாள். இவர் செம்பைக் கையில் எடுத்தபடி மருமகளைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "உன்ரை அம்மா தந்தது."

செம்புத் தண்ணீரை வார்த்தார். வசந்தி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணும் காணும், பிள்ளைக்குக் குளிருது" என்று எல்லோரையும் அதட்டினாள்.

நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறோம். நேரம் எங்கே கிடைக்கிறது? ரோட்டில் கிடக்கிறதா? யாரோ ஒருவர் தன் நல்ல நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் மற்றவருக்கு ஒரு காலைப்பொழுது வருகிறது. அதிலும், கேட்கத் தெரியாதவர்களுக்கு நாங்களாகப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

திங்கட்கிழமை பெண்ட் போன் எடுத்தார். தன் தம்பிக்கும் ஒரு காடு இருக்கிறதாம், அது விற்பதற்கில்லையாம். ஒக்டோபரில் சீசன் திரும்பத் திறந்து வருகிற முதல் சனிக்கிழமை வரச்சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை விபோர்க்கில் ஒரு கலியாணம். கார்ட் வந்து மேசையில் கிடக்கிறது... நான் இன்னும் 'ஓம், வாறம்' என்று சொல்லவில்லை.